ஓரத்துக் கட்டைவிரல்

காலை ஒன்பதரை மணி. செடி பறிக்கப் போகிறவன் அதற்கு முன்னால் கிளம்பத் தேவையில்லை. பனி உலராத செடியைத் தாளுக்குள் வைத்தால் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். தாவரவியல்காரன் என்றால் கோழி கூவுவதற்குள் காட்டில் நிற்பான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பறவை பார்க்கிறவர்களின் வியாதி. நான் குளித்து, சாப்பிட்டு, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் கிளம்புவேன்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏதாவது ஆத்திரத்தில் செய்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள், ஐயா. நான் ஆத்திரத்தில் எதையும் செய்ததில்லை. மனைவியை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். கைநீட்டாத மனுஷன், குடிக்காத மனுஷன் என்று சொல்லியிருப்பார்கள். சரியான தகவல்.

உங்கள் காவல் நிலைய ஜன்னலில் கண்ணாடிக் குப்பியில் ஒரு கொடி இருக்கிறது. தண்ணீர் மாற்றி நாளாகிவிட்டது, வேர் அழுகுகிறது. உயிரோடு இருக்கும் செடிகளின் கதி பெரும்பாலும் இதுதான். யாராவது ஆசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு மறந்துபோவார்கள். எங்கள் துறையில் அப்படி நடக்காது.

எங்கள் துறை எது என்பது உங்கள் எழுத்தருக்கு இன்னும் பிடிபடவில்லை. தொழில் என்ற இடத்தில் ‘புல் உலர்த்துபவர்’ என்று எழுதியிருந்தார். திருத்தச் சொன்னேன். ஒரு கல்லூரி ஹெர்பேரியத்துக்குப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹெர்பேரியம் என்றால் உலர்ந்த செடிகளின் நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியை வேரோடு எடுத்து, மண்ணை அலசி, பழைய செய்தித்தாளுக்குள் விரிக்க வேண்டும். மேலும் கீழும் மையொற்றுத் தாள். அப்படியே அடுக்கி மரச்சட்டத்துக்குள் வைத்து வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஈரமான தாளைத் தினமும் மாற்ற வேண்டும். காய்ந்த பிறகு பூச்சி அரிக்காமலிருக்க மருந்தில் முக்கி, உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, தண்டுக்கு இரண்டு தையல் போட்டு, வலது கீழ் மூலையில் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டில் செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள், சேகரித்தவர் பெயர்.

சீட்டு இல்லாத செடி வைக்கோல். இதை மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வேன். ஒழுங்காகச் செய்த தாள் இருநூறு வருடம் இருக்கும். மனிதர்களில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

அவள் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தாள். ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, தலைமுடி போன்ற சுருள்வில்லை இடுக்கியால் தூக்கி அதன் இடத்தில் வைப்பாள். மூச்சுகூட விடமாட்டாள். என் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு பூவின் இதழைக் கிழியாமல் விரிக்க இப்படிப்பட்ட விரல் வேண்டும். என் விரல்கள் தடிமன். கல்லூரியில் எத்தனையோ பூவை நான் கசக்கியிருக்கிறேன். அந்தக் கடிகாரம் அதற்குப் பிறகு அடிக்கடி பழுதானது. நானே பழுதாக்கினேன் என்பதை அவள் கல்யாணத்துக்குப் பிறகு கண்டுபிடித்தாள். சிரித்தாள். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அன்புதான். என் வேலைக்குத் தேவையான ஒன்றின் மேல் எனக்கு எப்போதும் அன்பு உண்டு.

வீட்டில் பின்னறையை வேலைக்கு ஒதுக்கினேன். ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கும், ஆகவே அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேகரிக்கப் போவோம். மற்ற நாட்களில் நான் கல்லூரிக்குப் போய்விடுவேன். அவள் ஈரத்தாள் மாற்றுவாள், இதழ் விரிப்பாள், ஒட்டுவாள், தைப்பாள். பழைய செய்தித்தாள்களில் செடிக்குப் பக்கத்தில் இருக்கும் செய்தியை வாசிப்பாள். பாதிச் செய்தியைச் செடி மறைத்திருக்கும். “இந்தத் திருடன் மாட்டினானா இல்லையான்னே தெரியல, மேல ஒரு புல்லு படுத்திருக்கு” என்பாள். அப்போதெல்லாம் நிறையப் பேசுவாள்.

சீட்டு எழுதுவது மட்டும் நான். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். அவள் ஒருமுறை, விளையாட்டாகத்தான், நம்ம ரெண்டு பேர் பேரையும் போடலாமே என்றாள். சேகரிப்பது என்பது ஓர் அறிவுச் செயல் என்று விளக்கினேன். கல்லைக் கொத்துகிறவன் கோபுரம் கட்டியவன் ஆகமாட்டான். அவளுக்குப் புரிந்தது. மறுபடி கேட்கவில்லை.

என் ஆசை பெரிதல்ல, ஐயா. தலைமை ஹெர்பேரியத்தில் தனிப்பட்டவர்களின் சேகரிப்பை ஏற்றுக்கொள்வது உண்டு. ஏற்றுக்கொண்டால் ஓர் அலமாரி வரிசைக்குச் சேகரித்தவர் பெயரைச் சூட்டுவார்கள். பித்தளைத் தகடு. இவ்வளவுதான் நான் கேட்டது. ஊரார் வீடு கட்டுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரு தகடு போதும்.

அதற்குக் குறுக்கே வந்தது ஒரு வண்டு. எள்ளைவிடச் சிறியது. ஒரு விடுமுறைக்குப் போய்த் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தேன். தாள்கள் இருந்தன, சீட்டுகள் இருந்தன, செடி இருந்த இடத்தில் பொடி இருந்தது. பல வருட உழைப்பு. என் கையெழுத்தை மட்டும் வண்டு தொடவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். “போனா போகட்டுங்க. மறுபடி பறிச்சுக்கலாம், நான் இருக்கேன்ல” என்றாள். அவளே சொன்னது. நான் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கல்லூரி ஹெர்பேரியத்தில் ஒரு மருந்து வைத்திருந்தோம். பாதரச உப்பு. ஸ்பிரிட்டில் கரைத்து, ஆழமில்லாத தட்டில் ஊற்றி, காய்ந்த செடியை அதில் முக்கி எடுத்தால் ஆயுசுக்கும் ஒரு பூச்சி அண்டாது. பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி அதைத் தொடக் கூடாது, கையிருப்பை ஒப்படைக்க வேண்டும், செடிகளைக் குளிர்பெட்டியில் உறைய வைத்துப் பூச்சியைக் கொல்ல வேண்டும். பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. முதல்வர் அதில் குளிர்பானம் வைத்தார். அறிவியல் எந்தத் திசையில் போகிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

கையிருப்பை ஒப்படைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு பகுதியை ஒப்படைத்தேன். மீதி வீட்டுக்கு வந்தது. திருட்டு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எறியப் போகும் பொருளை எடுப்பது திருட்டா என்பது சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும்.

குப்பிகளின் மேல் ஒரு லேபிள் இருந்தது. மண்டை ஓடும் இரண்டு எலும்பும். மிக மோசமாக வரையப்பட்ட படம். தாடை கோணலாக இருந்தது. வெந்நீரில் ஊற வைத்து அதை உரித்தேன். அதன் இடத்தில் என் கையெழுத்தில் ‘உப்பு’ என்று ஒரு சீட்டு ஒட்டினேன். வேதியியல்படி அது உப்புதான். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். நான் வாழ்நாளில் தவறான சீட்டு எழுதியதில்லை.

“ஸ்பிரிட்டு வாடைதாங்க தலையச் சுத்துது” என்று மனைவி முதல் நாள் சொன்னாள். பழகிவிடும் என்றேன். பழகிவிட்டது.

அவளுக்கு அது என்னவென்று சொன்னீர்களா என்று கேட்டீர்கள். பூச்சி மருந்து என்று சொன்னேன். பூச்சிக்கு மருந்து, மனிதனுக்கு என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என் பழக்கமில்லை. விஷம் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். வண்டுக்கு விஷம். வண்டு எவ்வளவு பெரியது, மனிதர் எவ்வளவு பெரியவர்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். இதோ என் கைகள். மேசை மேல் வைக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள். அதே வீடு, அதே அறை, அதே குப்பி. கரைசல் கலப்பவன் நான். தட்டைக் கழுவி வைப்பவனும் நான்தான். இத்தனை வருடமாக. நடுக்கம் உண்டா? உங்கள் எழுத்தரின் கை இதைவிட அதிகம் ஆடுகிறது. அந்த மருந்தில்தான் கோளாறு என்றால் எனக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இப்போது மதகுச் செடிக்கு வருகிறேன். எல்லாம் அதைச் சுற்றித்தான்.

ரயில் பாதைக்கு அடியில் ஒரு மதகு. எப்போதும் ஈரம் கசியும் கல் சுவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். மனைவியின் செருப்பு வார் அறுந்தது. சரி செய்யக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். “இங்க வந்து பாருங்களேன்” என்றாள். பாசிக்கு நடுவில் நகக்கண் அளவு இலைகள். நடுவில் வெள்ளைப் பூ. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடி. அந்தச் சுவரில் ஒரு கைக்குட்டை விரிக்கும் அகலத்துக்கு மட்டும் இருந்தது. முன்னும் பின்னும் எங்கும் இல்லை.

நான் உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன். வேரோடு எடுப்பதுதான் முறை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணையாவது விட்டு வைங்களேன்” என்றாள்.

விட்டு வைத்தால் நாளைக்கு ஓர் ஆடு வரும், தின்னும் என்றேன். ஆட்டின் வயிற்றில் சீட்டு ஒட்ட முடியாது. இன்னொரு காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். விட்டு வைத்தால் நாளைக்கு இன்னொரு தாவரவியல்காரனும் வரலாம். ஆட்டைவிட அவன் மோசம்.

எல்லாவற்றையும் எடுத்தேன். அவள்தான் அந்தப் பூக்களை விரித்தாள். இடுக்கி முனையும் ஊசி முனையும் வைத்துக்கொண்டு, லென்ஸை இடுக்கிக்கொண்டு, கடிகாரக் கடையில் இருந்தது போலவே. அவள் செய்ததிலேயே சிறந்த தாள் அது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் மதகைப் போய்ப் பார்த்தேன். வெறும் பாசி. ஆடு எதுவும் வந்ததற்கான அடையாளம் இல்லை, அது வேறு விஷயம். உலகத்திலேயே அந்தச் செடி என் வீட்டுப் பின்னறையில் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தது. அன்று திரும்பி வரும்போது மனைவிக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். கஞ்சன் என்று என் கொழுந்தியாள் சொல்லியிருப்பாள். நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள். வாயில் எப்போதும் ஆணியைச் சப்பியது போல ருசி என்று மனைவி சொன்னாள். தலையணை நனைகிற அளவுக்கு எச்சில் ஊறியது. பல் விளக்கும்போது ரத்தம். சமையலில் உப்பை மறந்தாள், அல்லது இரண்டு முறை போட்டாள். பேச்சு குறைந்தது. யாராவது வந்தால் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவாள். செய்தித்தாள் திருடர்களைப் பற்றிய விசாரிப்பும் நின்றது. வீடு அமைதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாகவே இருந்தது. வயதானால் பெண்கள் பக்குவப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்போது நாற்பது தாண்டவில்லை.

பிறகு விரல் நடுங்கத் தொடங்கியது. முதலில் வலது கை. ஒரு சங்குப்பூவை விரிக்கும்போது இதழைக் கிழித்துவிட்டாள். அவள் அழுதாள். நான் திட்டவில்லை. ஊசி வேலையிலிருந்து அவளை விடுவித்தேன். முக்கி எடுக்கும் வேலையை முழுவதுமாக அவளிடம் கொடுத்தேன். யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஒட்டுவதற்கும் தைப்பதற்கும் நிதானமான கை வேண்டும். தட்டில் முக்குவதற்கு அது தேவையில்லை. கை தானாக ஆடுவதால் கரைசல் செடிக்குள் நன்றாகவே ஊறியது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், ஐயா. உபயோகமான தகவல்தான்.

என் கொழுந்தியாளைப் பற்றி இரண்டு வார்த்தை. மனைவியின் தங்கை. பல் மருத்துவரிடம் உதவியாளர். வாய் நீளம். நாள் முழுக்க மற்றவர்களின் வாயைத் திறக்க வைத்துவிட்டு, மாலையில் தன் வாயை மூடாமல் ஈடு செய்கிறவள். எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

“அத்தான் வீட்ல செடியெல்லாம் படுத்துத் தூங்குது. எங்க அக்காதான் நின்னுக்கிட்டே இருக்கா.”

இப்படி ஏதாவது. நான் சிரித்துவிடுவேன். ஒருநாள் அவள் அக்காளின் வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் ஒவ்வொரு பல்லையும் அசைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை.

“பல்லெல்லாம் ஆடுது அத்தான். இந்த வயசுல ஆடக் கூடாது. அந்த ரூம்ல அப்படி என்ன மருந்து வச்சிருக்கீங்க?”

உப்பு என்றேன். அலமாரியில் இருந்த குப்பியைக் காட்டினேன். சீட்டு நன்றாக எழுதப்பட்டிருந்தது.

“எங்க டாக்டரு க்ளவுஸ் போடாம எச்சிலைக்கூடத் தொட மாட்டாரு. அக்கா வெறும் கையோட என்னத்தையோ அலசிக்கிட்டு இருக்கா” என்றாள்.

கையுறை போட்டால் விரலுக்குத் தொடு உணர்வு போய்விடும், பூ வேலைக்கு அது ஆகாது என்று பொறுமையாக விளக்கினேன். அக்காதான் இப்போது பூ வேலையே செய்வதில்லையே என்றாள். அவளிடம் பேசி மாளாது. அடுத்த முறை வரும்போது ஒரு பெட்டி கையுறை கொண்டுவந்தாள். மெல்லிய ரப்பர், ஒரு முறை போட்டுவிட்டு எறிவது. அக்காள் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டதால் பெட்டியை என்னிடம் கொடுத்தாள். தினம் ஒரு ஜோடி, அக்காகிட்ட சொல்லிடுங்க என்றாள். வாங்கிக்கொண்டேன். எதையும் வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை. அவ்வப்போது புதுப் பெட்டி கொண்டுவருவாள். அக்கா போட்டுக்கிறாளா என்று கேட்பாள். பெட்டி காலியாகிறதே, பார்க்கவில்லையா என்பேன். காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் தலைமை ஹெர்பேரியத்துக்கு எழுதினேன். மதகுச் செடியைப் பற்றி எழுதியதும் உடனே பதில் வந்தது. சேகரிப்பை மதிப்பிட ஓர் அம்மையாரை அனுப்பினார்கள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பின்னறையில் காலெடுத்து வைத்ததும் முகர்ந்து பார்த்தார். பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். தாள் பறக்கும் என்றேன். பறக்கட்டும் என்றார். தாவரவியல் படித்தவர் பேசுகிற பேச்சா அது.

முதலில் மதகுச் செடியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். புதுச் செடி, சந்தேகமே இல்லை என்றார். என் பித்தளைத் தகடு கண்ணெதிரே தெரிந்தது.

“இது இப்ப எங்க வளருது சார்?” என்று கேட்டார்.

தாளைத் தொட்டுக் காட்டினேன். இங்கே என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு தாளின் இடது ஓரத்தைக் காட்டி, இது என்ன என்றார்.

அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. சின்ன விரல். ஒவ்வொரு ரேகையும் தெளிவாக, மை தொட்டு வைத்தது போல. நான் அதுவரை கவனித்ததில்லை. அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. பட்ட உடனே தெரியாது. நாள் போகப் போகத் தாள் கறுக்கும். மருந்தில் முக்கியெடுத்த செடியின் நிழல் மேலே இருக்கும் தாளில் விழுவது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. செடிக்கு நிழல் உண்டு என்று தெரியும். விரலுக்கும் உண்டு என்று யோசிக்கவில்லை. முக்கி எடுத்த ஈரக் கையோடு தாளைத் தூக்கியிருக்கிறாள். எத்தனை முறை கையைத் துடைக்கச் சொல்லியிருப்பேன்.

அம்மையார் மற்ற அலமாரிகளையும் திறக்கச் சொன்னார். எல்லாத் தாளிலும் இருந்தது. வருட வாரியாக ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். கதவோரம் பழையது, ஜன்னலோரம் புதியது. செடிகளை அவர் பார்க்கவே இல்லை. எவ்வளவு அபூர்வமான புற்கள். குனிந்து ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். கதவோரத்தில் அந்த விரல் அசையாமல் பதிந்திருந்தது. அறையின் நடுவில் ரேகைகள் இரட்டையாகத் தெரிந்தன. ஜன்னலுக்குப் போவதற்குள் அது விரலே இல்லை. இழுபட்ட கறை. கடைசித் தாள்களில் உள்ளங்கை முழுதும் தேய்ந்திருந்தது. பிடித்த தாள் கையில் நிற்காமல், மறு கையால் அமுக்கியிருக்கிறாள்.

“இது யாரோட கை?” என்றார்.

மனைவி, கூடமாட உதவி செய்வாள் என்றேன்.

“உங்க கை எங்க சார்? ஒரு தாள்லகூட இல்லையே.”

நான் சுத்தமாக வேலை செய்கிறவன் என்றேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கறைகளால் தாள்களின் மதிப்பு குறையும் என்று ஏற்கெனவே வருத்தத்தில் இருந்தேன். ஓரத்தை வெட்டிவிடலாமா என்றுகூடக் கேட்டேன். அம்மாவைக் கூப்பிடுங்க என்றார்.

மனைவி கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி மறைத்துக்கொண்டு வந்தாள். அம்மையார் அந்தத் தலைப்பைப் பிரித்தார். பிறந்த குழந்தையின் துணியைப் பிரிப்பது போலப் பிரித்தார் என்று சொல்லலாம். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ். கொழுந்தியாள் வந்து தெருவே கேட்கக் கத்தினாள். முகமூடியும் நீள அங்கியும் போட்ட ஆட்கள் வந்து என் அலமாரிகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். மண்டை ஓடும் இரண்டு எலும்பும். இந்த முறை தாடையைச் சரியாக வரைந்திருந்தார்கள்.

தலைமை ஹெர்பேரியம் என் சேகரிப்பை ஏற்கவில்லை. ஒரே ஒரு தாளை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைத்துக்கொள்கிறார்களாம். மதகுச் செடி. அதற்கு என் மனைவியின் பெயரை வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். எதன் அடிப்படையில் என்று எழுதிக் கேட்டேன். சேகரித்தவர் பெயர் சீட்டில் தெளிவாக இருக்கிறது. அவள் குனிந்தாள், அவ்வளவுதான். செருப்பு அறுந்ததற்கெல்லாம் செடிக்குப் பெயர் வைப்பதென்றால் அறிவியல் எங்கே போய் நிற்கும்?

ஆகவே நான் ஒப்புக்கொள்வது இவ்வளவு. கல்லூரிக் குப்பிகளை எடுத்து வந்தேன். லேபிளை உரித்தேன். மதகுச் சுவரில் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. மனைவியை அந்த வேலைக்கு வைத்தவன் நான். இவற்றில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. அதற்கு ஒரே சாட்சி போதும். மறுபடி காட்டுகிறேன், என் கைகள். ஒரே மருந்து, ஒரே வீடு. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மற்றவருக்கு ஒத்துக்கொண்டது. அது உடல்வாகு. இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

நேற்று முன்தினம் உங்கள் காவலரோடு மருத்துவமனைக்குப் போனேன். கை இனி பழையபடி ஆகாது என்று மருத்துவர் வராந்தாவிலேயே சொன்னார். சிறுநீரகமும் பாதிப்பாம். கொழுந்தியாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்காளுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிசயமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் அக்காளிடம் பேசி முடித்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

மனைவி என்னை உட்காரச் சொன்னாள். அவள் கைகள் போர்வை மேல் கிடந்து, சட்டத்துக்குள் வைக்கும் முன் காற்றில் ஆடும் இலைகளைப் போல ஆடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. என் கைகளைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோபமே இல்லாமல், ஒரு செய்தித்தாளில் செடி மறைத்த பாதியைக் கேட்பது போலக் கேட்டாள்.

“தோலு ஒத்துக்கலன்னு க்ளவுஸ் போட்டுக்கிறேன்னீங்க. அந்தப் பெட்டியெல்லாம் அவ எனக்குன்னு கொண்டு வந்ததாமே. அப்போ நீங்க ஏங்க போட்டுக்கிட்டீங்க?”